பச்சை அடித்த எஞ்சின்

சங்கத்துப் பதிவேட்டில் படகோட்டியின் பெயர் கிருஷ்ணமணி. அணையின் எந்தக் கரையில் நின்று கேட்டாலும், வள்ளம் ஓட்டுவது முத்துக்கனி என்றுதான் சொல்வார்கள். பதினோரு வருடமாக இந்த இரண்டும் ஒன்றை ஒன்று உரசாமல் அதனதன் போக்கில் இருந்துவந்தன.

முத்துக்கனி மலைக்காரி இல்லை. கொட்டாரத்தில் வயலோரத்து வீட்டில் பிறந்தவள். வீட்டுக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு பம்ப்செட் புரை. தண்ணீர் வேண்டும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் போய் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். பெரும்பாலும் பக்கத்தில் இருந்தது அவள்தான். டீசலில் தண்ணீர் கலந்தால் எஞ்சின் எப்படித் திக்கும், காற்று ஏறினால் எப்படி இளைக்கும் என்பதெல்லாம் பாவாடை கட்டிய வயதிலேயே காதுக்குப் பழகிவிட்டது. அதை ஒரு திறமையாக அவளும் நினைக்கவில்லை, வீட்டிலும் யாரும் நினைக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் அவளுக்கு நன்றாகத் தைக்கத் தெரியும் என்று சொன்னார்களே தவிர இதைச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீட்டாரும் ஒன்றைச் சொல்லவில்லை. "வீட்டு வாசல் வரைக்கும் வண்டி வரும்" என்றார்கள். கல்யாணம் முடிந்து, குலசேகரம் தாண்டி, ரப்பர் மரங்களுக்குள் ஏறி இறங்கி, கடைசியில் அணைத் தண்ணீரின் விளிம்பில் போய் நின்றபோதுதான் வாசல் வரைக்கும் வருவது வள்ளம் என்று தெரிந்தது. பட்டுச்சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் ஏறினாள். நீச்சல் தெரியாது. இன்றுவரை தெரியாது.

அன்று வள்ளத்தின் பின்னால் மாட்டியிருந்த எஞ்சின்தான் இன்றும் இருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில், தோட்டம் ஒரு கம்பெனியின் கையில் இருந்தபோது வாங்கியது. ஒற்றை சிலிண்டர், எட்டுக் குதிரை சக்தி, ஜப்பானில் செய்தது. கம்பெனி போயிற்று. அந்தக் கரையில் குடியிருக்கும் ஐம்பது அறுபது குடும்பங்களுக்காகத் தொழிலாளர் சங்கம் வள்ளத்தை ஏற்று நடத்தத் தொடங்கியது. வள்ளம் இரண்டு முறை மாறியும் எஞ்சின் மாறவில்லை. எல்லோருக்கும் அது ஜப்பான்காரன். "ஜப்பான்காரன் எழும்பியாச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் காலையில் கரைக்கு வருவார்கள்.

அவள் கணவர் கிருஷ்ணமணி அயனி மரத்தில் ஆட்டுக்குக் குழை ஒடிக்க ஏறி விழுந்த வருடம், மகள் அஜிதா நான்காம் வகுப்பில் இருந்தாள். எலும்பு முறியவில்லை, முதுகு மட்டும் பிடித்துக்கொண்டது. எஞ்சினைக் கிளப்பக் கயிற்றைக் குனிந்து சுண்டி இழுக்க வேண்டும். "ரெண்டு நாளைக்கு நீ இழு முத்து" என்றார். அவள் இழுத்தாள். பிறகு கயிறு இழுத்தவளே வள்ளத்தைத் திருப்பும் பிடியையும் பிடித்தாள். பிடியைப் பிடித்தவளே பெட்ரோலில் ஆயில் கலந்தாள், பிளக்கைக் கழற்றித் துடைத்தாள், மழைக்காலத்தில் எஞ்சினுக்குச் சாக்கு போட்டு மூடினாள். ரெண்டு நாள் முடியவே இல்லை.

கிருஷ்ணமணி கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில் உட்கார்ந்து, ஏறுகிற கிழவிகளுக்குக் கை கொடுப்பார். யாருடைய மகள் எந்த ஊரில் படிக்கிறாள், யாருக்குச் சவூதியில் விசா வந்தது என்பதெல்லாம் விரல் நுனியில். அவர் பேச்சைக் கேட்கவே வள்ளத்தில் ஏறுவதாகச் சிலர் சொன்னார்கள். மாலையில் சங்கத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதும் அவர்தான்.

முத்துக்கனிக்கு அது ஒருமுறைதான் சுருக்கென்றது. பத்தாம் வகுப்பில் ஏதோ ஒரு படிவத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் அஜிதா 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தாள். அதைப் படித்தபோது முத்துக்கனியின் கையில் பெட்ரோல் வாடை அடித்துக்கொண்டிருந்தது. படிவத்தை மடித்து வைத்தாள். வேறு என்னதான் எழுதுவாள் பிள்ளை?

இந்த ஆவணி மாதம் சங்கத்தின் செயலாளர் ராஜகுமார் கரைக்கு வந்து ஒரு சேதி சொன்னார். படகோட்டி வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்கள். உத்தரவு, யூனிஃபார்ம், காப்பீடு எல்லாம் உண்டு. வெள்ளிக்கிழமை நாகர்கோவிலிலிருந்து தலைவர் வந்து வள்ளத்தில் ஏறிப் பார்ப்பார்.

"ஆரு ஓட்டிக் காட்டுதாவளோ, அவிய பேருல ஆர்டர் எழுதச் சொல்லியிருக்காரு," என்றார் ராஜகுமார். சொல்லும்போது கிருஷ்ணமணியைத்தான் பார்த்தார்.

"அப்பம் நான் ஓட்டுதேன் சார்," என்றாள் முத்துக்கனி.

ராஜகுமார் சிரித்தார். "தினமும் நீதானே ஓட்டுதே, பின்ன என்ன?"

"எனக்க பேருல எழுதணும்."

ராஜகுமார் மறுபடியும் கிருஷ்ணமணியைப் பார்த்தார். கிருஷ்ணமணி தலையைச் சொறிந்துகொண்டு, "அவளுக்கே எழுதுங்க சார். நமக்கு ஆரு பேருல இருந்தா என்ன? ஒரு அடுப்புச் சோறுதானே," என்றார். பெரிய மனது என்று கரையில் நின்றவர்கள் சொன்னார்கள். முத்துக்கனிக்கும் அன்று அப்படித்தான் தோன்றியது. அன்று மாலை வீட்டில் அஜிதாவின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, யாரும் இல்லாத நேரத்தில், தன் பெயரை ஏழெட்டு முறை எழுதிப் பார்த்தாள்.

தலைவர் வருகிறார் என்றால் பெயிண்ட் அடிக்காமல் முடியாது. சங்கத்து அலுவலகச் சுவர், கரையிலுள்ள கைப்பிடிக் கம்பி, பெயர்ப்பலகை, எல்லாவற்றுக்கும் அடித்தார்கள். மிஞ்சிய பச்சை எனாமல் அரை டப்பாவைக் காட்டி, "எஞ்சினுக்கும் ஒரு கை அடிச்சு விடு மணி. காணச் சகிக்கல்ல," என்றார் ராஜகுமார். செவ்வாய்க்கிழமை மதியத்துக்குமேல் கிருஷ்ணமணி எஞ்சினைக் கழற்றிக் கரையில் ஒரு மரச்சட்டத்தில் மாட்டி, சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். முத்துக்கனி புல்லறுக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது எஞ்சின் தலை முதல் கால் வரை பச்சையாக, இரண்டு கோட்டு அடித்து, வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. கட்டின நாளிலிருந்து அவர் ஒரு வேலையை அத்தனை சிரத்தையாகச் செய்து அவள் பார்த்ததில்லை. நன்றாக இருக்கிறது என்று அவளும் சொன்னாள்.

புதன்கிழமை காலை ஏழரை மணி வள்ளம். பதினான்கு பேர். ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் லீலாபாய், அங்கன்வாடி டீச்சர் பிரீனா, பள்ளிப் பிள்ளைகள்.

"ஏட்டி முத்து, ஜப்பான்காரனுக்குப் புது மாப்பிள்ளைக் கோலமா?" என்றாள் லீலாபாய். "பொண்ணு ஆரு, நீயா?"

"வயசு அம்பது கிட்ட ஆகுது அவனுக்கு. உங்களுக்குத்தான் பொருத்தமா இருக்கும் லீலாபாய் அக்கா."

"எனக்கு வேண்டாம் மக்கா. ஒருத்தன் குடிச்சு என்னைக் கரைச்சது போதும். இவன் பெட்ரோல்லா குடிப்பான்."

வள்ளம் முழுக்கச் சிரித்தது. முத்துக்கனியும் சிரித்தாள். கயிற்றை இழுத்தாள், மூன்றாவது இழுப்பில் எழும்பியது.

ஒவ்வொரு நாளும், எஞ்சின் எழும்பிய உடனே, அவள் முதலில் பார்ப்பது பின்பக்கம் இருக்கும் ஒரு சின்னத் துளையை. எஞ்சினின் கால் தண்ணீருக்குள் நிற்கும். அதன் இரு பக்கமும் உள்ள பொடிப் பொடி ஓட்டைகள் வழியாக அணைத் தண்ணீர் உள்ளே ஏறி, சிலிண்டரைச் சுற்றி வந்து சூட்டைத் தணித்து, அந்தப் பின் துளை வழியாக நூல்போல வெளியே பீய்ச்சும். பிள்ளைகள் அதைப் பார்த்து, "ஜப்பான்காரன் ஒண்ணுக்குப் போறான்" என்பார்கள். போனால் சுகம். போகாவிட்டால் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். பதினோரு வருடத்தில் ஒருநாளும் அவள் பார்க்காமல் பிடியைத் திருப்பியதில்லை.

அன்று பார்க்கவில்லை. லீலாபாய்க்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். மனசு வெள்ளிக்கிழமையில் இருந்தது.

பாதி வழியில் பிரீனா மூக்கைச் சுளித்தாள். "அக்கா, என்னமோ கரியுத மாதிரி மணக்கே?"

"புதுப் பெயிண்டாக்கும் பிள்ளே. சூடு ஏறுனா மணக்கும்," என்றாள் முத்துக்கனி.

இரண்டு நிமிடம் கூட ஆகியிருக்காது. சத்தம் கனத்தது. ஏற்றத்தில் திணறும் லாரியைப்போல ஒரு முக்கல், பிறகு கீச்சென்று ஒரு இழுவை, பிறகு ஒன்றுமில்லை. எஞ்சின் அணைந்த அமைதியில் பெயிண்ட் கொப்புளித்துப் படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்டது. முத்துக்கனி கயிற்றை இழுத்தாள். கயிறு பாறையில் கட்டியதுபோல நின்றது.

துடுப்புப் போட்டுக் கரை சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

சேதி அவளுக்கு முன்னால் கரையேறிவிட்டது. ராஜகுமார் பைக்கில் வந்து இறங்கியவர் எஞ்சினைப் பார்க்கவில்லை, கிருஷ்ணமணியைத்தான் பார்த்தார். "ஆயில் கலந்தாளா உனக்க பெண்டாட்டி? வெறும் பெட்ரோல்ல ஓட்டியிருக்கா. பெண்ணுங்க கையில கொடுத்தா இதாக்கும்."

"கலந்திருக்கு சார்," என்றாள் முத்துக்கனி.

"கலந்தா பின்ன ஏன் பிடிச்சுது?"

நாளை மறுநாள் வெள்ளி. எஞ்சின் ஓடாவிட்டால் வேலை அவள் பெயரில் இல்லை. ஓடினாலும், அவள் கையால்தான் கெட்டது என்றால் அப்போதும் இல்லை. ஓட வைக்கவும் வேண்டும், ஏன் நின்றது என்று தெரியவும் வேண்டும்.

வியாழக்கிழமை காலை புதுக்கடையிலிருந்து எபிசன் வந்தான். கடற்கரை வள்ளங்களின் எஞ்சின்களைப் பார்க்கிறவன். முப்பத்தைந்து வயது, வாய் ஓயாது. மரச்சட்டத்தில் மாட்டியிருந்த எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"அம்மாடி, இது எனக்க மூத்த அண்ணனை விட மூத்ததுல்லா! காட்சி பங்களாவுல வைக்க வேண்டிய சாதனத்தை ஓட்டிட்டு நடக்கேளே! அண்ணே, கடைசியா என்ன சத்தம் கேட்டுது?"

கிருஷ்ணமணி முத்துக்கனியைப் பார்த்தார். அவள் சொன்னாள்: "முக்கிச்சு. பெறவு கீச்சுன்னு இழுத்துச்சு. டக்குன்னு நிக்கல்ல, இறுகி நின்னுது."

எபிசன் திரும்பி அவளைப் பார்த்தான். அதற்குப் பிறகு எதையும் கிருஷ்ணமணியிடம் கேட்கவில்லை.

"இறுகினது மேலயா கீழயான்னு முதல்ல பாப்போம் அக்கா." கியரை நடுவில் போட்டு மேலிருக்கும் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தான், அசையவில்லை. எஞ்சினின் காலை இணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றிக் காலைத் தனியே உருவினார்கள். உள்ளிருந்த தண்டை முத்துக்கனி விரலால் சுற்றினாள்; வெண்ணெய்போலச் சுற்றியது. "கீழ சுகம். அப்பம் மேல, சிலிண்டருக்குள்ள."

பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். முனையில் கறுப்பாக, ஈரமாக எண்ணெய்ப் பிசுக்கு. பெட்ரோல் டேங்கில் விரலை விட்டுத் தேய்த்து முகர்ந்தான். ராஜகுமார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஆயில் இல்லன்னு ஆரு சொன்னா? பாருங்க சாரே, விரலு வழுக்குது. ஒரு பொடி கூடுதலாட்டே இருக்கு."

ராஜகுமார், "அப்பம் பழசானதுதான் காரணமா இருக்கும்," என்று சொல்லிவிட்டு ஒரு போன் வந்ததாகப் போய்விட்டார்.

பிளக் இருந்த ஓட்டை வழியாக டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றினார்கள். அது ஊறி இறங்க வேண்டும். "இனி அவசரப்பட்டா குடி கெட்டுது," என்றான் எபிசன். "கடப்பாரை வச்சு நெம்புனவனை எல்லாம் நான் கண்டிருக்கேன். பிஸ்டன் ஒடிஞ்சா இதுக்கு மாத்து ஜப்பானுக்குப் போனாலும் கிட்டாது. உச்சைக்குப் பெறவு பாப்போம்." சாயா குடிக்கக் கிருஷ்ணமணியோடு கடைக்குப் போனான்.

முத்துக்கனி போகவில்லை. கழற்றிய காலை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர்ப் பம்பின் மூடியைத் திறந்தாள். உள்ளே ரப்பர் இதழ்கள் கருகி, உருகி, ஒட்டிப்போயிருந்தன. தண்ணீர் வராமல் வெறுமனே சுற்றியிருக்கிறது. ஏன் வரவில்லை? காலைத் திருப்பி, ஓட்டைகள் இருக்கும் இடத்தைத் தடவினாள். ஓட்டைகள் இல்லை. வழுவழுவென்று பச்சை.

தாலிச் சரட்டிலிருந்து ஊக்கைக் கழற்றி ஒரு இடத்தில் குத்தினாள். புண்ணின் பொருக்குபோலப் பெயிண்ட் பெயர்ந்தது. அடியில் ஒரு ஓட்டை. பக்கத்தில் இன்னொன்று. ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தாள். ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் ஆறு. பன்னிரண்டும் அடைத்திருந்தன.

கிருஷ்ணமணி முதலில் திரும்பி வந்தார். எபிசன் இன்னும் கடையில் பேசிக்கொண்டிருந்தான். அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். பச்சைத் துணுக்குகள்.

"இது எதுக்கான ஓட்டைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

கிருஷ்ணமணியின் முகம் சுருங்கிப்போயிற்று. "தெரியாம இருக்குமா? வேணும்னேவா செஞ்சேன்? சொத்தைப் பல்லு மாதிரி அசிங்கமா இருந்து. மேல ஒரு கோட்டு அடிச்சா எடுப்பா இருக்கும்னு தோணிச்சு. நினைவு வரல்ல முத்து."

"நினைவு வரல்ல."

"ராஜகுமாரிட்ட சொல்லாத. சங்கத்துல எனக்க மானம் போவும். இருபது வருசமா பேரு இருக்கு."

அவள் உள்ளங்கையை மூடிக்கொண்டாள். நூல்போலத் தண்ணீர் வருகிறதா என்று தான் பார்க்காததும் அவளுக்குத் தெரியும். பெயிண்ட் அடித்தது அவர். பார்க்காமல் ஓட்டியது அவள். பார்த்திருந்தால், கரையிலேயே நிறுத்தி ஊக்கால் குத்திவிட்டுப் போயிருக்கலாம்.

எபிசன் வந்து ஓட்டைகளைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டான். "மூக்கையும் வாயையும் பொத்திட்டு ஓடுன்னா மனுசன் ஓடுவானா? பெயிண்ட் அடிச்ச மகான் ஆரு அக்கா?"

கிருஷ்ணமணி அணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரோ," என்றாள் முத்துக்கனி.

மதியத்துக்குப் பிறகு சக்கரத்தின் நட்டில் நீளக் கைப்பிடி மாட்டி, எபிசன் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகப் பிடித்தார்கள். தள்ளவில்லை, அசைத்தார்கள். இந்தப் பக்கம் ஒரு மயிரிழை, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை. நெடுநேரம் ஒன்றுமில்லை. "பைய அக்கா, பைய. பிள்ளையைத் தொட்டில்ல ஆட்டுத மாதிரி." பிறகு உள்ளே எங்கோ ஒரு சின்ன முனகல் கேட்டது. முதலில் கேட்டது அவள்தான். கை வைத்திருந்த இடத்தில் இரும்பு கொஞ்சம் இளகியது. இன்னும் கொஞ்சம். மூன்றரை மணிக்கு முழுச் சுற்று வந்தது.

சிலிண்டரின் தலையைத் திறந்தார்கள். பிஸ்டனின் ஒரு பக்கம் உருகி சிலிண்டர் சுவரில் ஈயம் பூசியதுபோல ஒட்டியிருந்தது. எபிசன் நைஸான உப்புத்தாளை எண்ணெயில் தோய்த்து அவளிடம் கொடுத்தான். அவன் விரல் தடித்தது, அவள் விரல் உள்ளே போயிற்று. பொழுது சாயும் வரை தேய்த்தாள். தண்ணீர்ப் பம்புக்கு வேறொரு எஞ்சினின் ரப்பர் இதழைப் பிளேடால் செதுக்கிப் பொருத்தினான். எல்லாம் பூட்டி, வள்ளத்தில் மாட்டி, கயிற்றை இழுத்தபோது ஐந்தாவது இழுப்பில் ஜப்பான்காரன் எழும்பினான். பின் துளையில் தண்ணீர் வந்தது.

"நீங்க புதுக்கடைக்கு வந்திருங்க அக்கா," என்றான் எபிசன், கை துடைத்துக்கொண்டே. "எனக்க பயலுவளை எல்லாம் பறத்தி விட்டுட்டு உங்களை வச்சுக்கிடுதேன்."

"எனக்கு இங்க வேலை இருக்கு தம்பி," என்றாள். அந்த வாக்கியத்தைச் சொல்வது அவளுக்குப் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தலைவர் வந்தார். வெள்ளை வேட்டி, கறுப்புக் கண்ணாடி. ராஜகுமாரும் அவரும் இன்னும் இரண்டு பேரும் ஏறினார்கள். முத்துக்கனி அரக்குச் சேலை கட்டி, தாய்வீட்டு வழக்கப்படி நெற்றியில் நாமம் இட்டு, பிடியைப் பிடித்தாள். அக்கரை போய்த் திரும்பும் வரை எஞ்சின் ஒருமுறை கூடத் தும்மவில்லை. காற்றுக்குத் தக்கபடி வள்ளத்தைச் சாய்த்துக் கொண்டுவந்து, தலைவரின் செருப்பு நனையாமல் கரையோடு ஒட்டி நிறுத்தினாள்.

"நல்லா ஓட்டுதியே அம்மா," என்றார் தலைவர். அவளுக்குக் காது சூடேறியது.

கரையில் ஊர் கூடி நின்றது. ராஜகுமார் பையிலிருந்து தாளை எடுத்தார். அப்போதுதான் தலைவர் எஞ்சினில் பெயிண்ட் கொப்புளித்துக் கருகிய இடத்தைப் பார்த்தார்.

"இது என்னது? புதன்கிழமை பாதி வழியில நின்னு போச்சாமே? பிள்ளைங்க எல்லாம் இருந்ததாமே?"

"அடியில தண்ணி போற ஓட்டையில பெயிண்ட் அடைச்சிருந்தது சார்," என்றார் ராஜகுமார். எபிசன் சொல்லியிருக்க வேண்டும். "அதுல சூடு ஏறிடுச்சு."

"ஓட்டையை அடைச்சுப் பெயிண்ட் அடிச்சது எந்த அறிவாளி?"

அடிக்கச் சொன்ன ராஜகுமார் கிருஷ்ணமணியைப் பார்த்தார். தலைவரும் பார்த்தார். ஊரும் பார்த்தது.

"அவதான் சார் அடிச்சா," என்றார் கிருஷ்ணமணி. "நான் வேண்டாம்னு சொன்னேன்."

முத்துக்கனிக்கு அது பொய் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அந்த நொடியில் அவளுக்குள் இன்னொன்று குறுக்கே வந்து நின்றது: பார்க்காமல் ஓட்டியது நான்தானே. அவள் அதைத் தாண்டி வருவதற்குள் தலைவர் பிரீனாவைக் கேட்டுவிட்டார். "நீங்க வள்ளத்துல இருந்தீங்களா டீச்சர்?"

பிரீனா நல்ல பெண். கேட்டால் உள்ளதைச் சொல்கிறவள். "இருந்தேன் சார். கரியுத மணம் வந்தது. அக்காட்ட கேட்டேன். பெயிண்ட் மணம்தான், சூடு ஏறுனா வரும்னு சொன்னாங்க."

"அப்பம் தெரிஞ்சே ஓட்டியிருக்கு," என்றார் தலைவர்.

"பெயிண்ட் நான் அடிக்கல்ல," என்றாள் முத்துக்கனி. குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "இவியதான் அடிச்சாவ. நான் புல்லறுக்கப் போயிருந்தேன்."

தலைவர் கையை உயர்த்தினார். "புருசன் பொஞ்சாதி சண்டையை வீட்டுல வச்சுக்கிடுங்கம்மா. இங்க வேண்டாம்."

சிலர் சிரித்தார்கள். லீலாபாய் சிரிக்கவில்லை, ஆனால் அவளும் ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை சட்டையில்லாமல் உட்கார்ந்து கிருஷ்ணமணி பெயிண்ட் அடித்ததை, கரையைத் தாண்டிப் போன எத்தனையோ பேர் பார்த்திருந்தார்கள். முத்துக்கனி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒவ்வொரு முகமும் வேறு எங்கோ ஒரு வேலை இருப்பதுபோலத் திரும்பியது.

ராஜகுமார் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். "பதிவேட்டுல இருபது வருசமா அவரு பேருதான்" என்பது மட்டும் வெளியே கேட்டது. தாளில் அந்தப் பெயரே எழுதப்பட்டது.

வீட்டுக்கு வந்ததும் கிருஷ்ணமணி, "எனக்கு வாயில அப்படி வந்துட்டுது முத்து," என்றார். "எல்லாரும் ஒரே மாதிரி பாத்தா மனுசன் என்ன செய்வான்? இனி என்ன, நீதானே ஓட்டப் போற. நமக்குத்தானே."

அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. நேற்று எபிசனிடம் 'ஆரோ' என்று சொன்ன தன் வாயைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை அவர் நீல யூனிஃபார்ம் சட்டை போட்டு இறங்கினார். ஏழரைக்கு எல்லோரும் ஏறி உட்கார்ந்தாயிற்று. முத்துக்கனி கரையில் நின்றாள்.

"ஏட்டி, கேறு," என்றாள் லீலாபாய். "நேரமாகுது."

"டிரைவர் இருக்காவள்லா."

"வெளையாடாத முத்து," என்றார் கிருஷ்ணமணி. சிரிப்பாகத்தான் சொன்னார். அவள் அசையாததைக் கண்டு அவரே கயிற்றைப் பிடித்தார். இழுத்தார். பத்து முறை, இருபது முறை. பெட்ரோல் வழிந்து மணத்தது. பிள்ளைகள் எண்ணத் தொடங்கின.

"அக்கா, நீங்க சண்டை பிடியுங்க, வேண்டாம்னு சொல்லல்ல," என்றாள் பிரீனா. அவள் கண் கலங்கியிருந்தது. "ஆனா அங்கன்வாடியில பிள்ளைங்க வந்து நிக்குமே. நாங்க என்ன தப்புச் செஞ்சோம்?"

முத்துக்கனி அவளைப் பார்த்தாள். இவளும் ஒன்றும் தப்புச் செய்யவில்லைதான். யாருமே எதுவும் செய்யவில்லை. அவள் திரும்பி நடந்தாள்.

அணையைச் சுற்றி ஒரு பாதை இருக்கிறது. ஏழு கிலோமீட்டர், யானை இறங்கும் இடம் இரண்டு உண்டு, அட்டை ஏறும். அக்கரையில் ரப்பர் ஷீட் அடிக்கும் புரை ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. விடிந்ததும் நடந்து போனாள், வெயில் தாழ்ந்ததும் நடந்து வந்தாள். உள்ளுக்குள் அவள் ஒரு கணக்குப் போட்டிருந்தாள்: ஒரு வாரம். அவருக்கு எஞ்சின் எழும்பாது, முதுகு தாங்காது, சங்கத்துக்கு ஆள் அனுப்புவார்கள். ராஜகுமார் வந்து நிற்பார். என்ன சொல்ல வேண்டும் என்றுகூட நடக்கும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

முதல் வாரம் வள்ளம் பாதி நாள் துடுப்பில்தான் போயிற்று. இரண்டாம் வாரம், காலை நடையில், மரங்களுக்கு அப்பால் ஜப்பான்காரனின் சத்தம் கேட்டது. சோக்கை அதிகம் இழுத்திருக்கிறார், திரும்ப உள்ளே தள்ளவில்லை, என்று காது சொன்னது. மூன்றாம் வாரம் அந்தக் குறையும் போய்விட்டது. கயிற்றின் நுனியில் நீளமாக ஒரு மூங்கில் பிடி கட்டி, குனியாமல் நின்றுகொண்டே இழுக்கிறார் என்று லீலாபாய் வழியில் கண்டபோது சொன்னாள். "மூளைக்காரன்தான் உனக்க மாப்பிள்ளை."

ஒரு மூங்கில் துண்டு. பதினோரு வருடத்தில் அவருக்கு அது தோன்ற வேண்டிய அவசியம் வரவில்லை. முத்துக்கனிக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை; ரோலரில் விரல் நசுங்கப் பார்த்தது.

வீட்டில் எல்லாம் முன்போலவே இருந்தது. சோறு பொங்கினாள், போட்டாள். அவர் தாழ்ந்தே பேசினார். வெளியூரில் படிக்கும் அஜிதா போனில், "அப்பாக்கு வேலை நிரந்தரமாச்சாமே, கேக் வெட்டுனீங்களா?" என்று கேட்டாள். "அப்பாட்ட கொடுக்கேன்," என்று போனைக் கொடுத்தாள்.

ஐப்பசி மழை தொடங்கிய ஒரு மாலை, அக்கரைத் துறைக்குப் பக்கத்தில், குடை பிடித்து வந்த பிரீனா அவளைக் கண்டு ஓடி வந்தாள். மேலே மலை கறுத்துக் கிடந்தது. வள்ளம் துறையில் நின்றது, பாதிப்பேர் ஏறியிருந்தார்கள்.

"அக்கா, காட்டுப் பாதையில போகாதீங்க. நேத்து யானை நின்னுதாம். வாங்க. அண்ணன் இப்பம் நல்லா ஓட்டுதாரு, பயப்படாண்டாம்."

முத்துக்கனி வள்ளத்தைப் பார்த்தாள். நீலச் சட்டை எஞ்சின் பக்கம் நின்றது. அணியத்தில், அவர் எப்போதும் உட்காரும் இடத்தில், யாரோ ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது.

"பழசை எல்லாம் ஆரு நினைக்குதா?" என்றாள் பிரீனா, அவள் கையைப் பிடித்துக்கொண்டு. "வந்து கேறுங்க. ஆரும் ஒண்ணும் நினைக்க மாட்டாவ."

"அது எனக்குத் தெரியும் பிள்ளே," என்றாள் முத்துக்கனி. "ஆரும் ஒண்ணும் நினைக்க மாட்டாவ."

கையை விடுவித்துக்கொண்டு, சேலையை இடுப்பில் செருகி, பாதையில் ஏறினாள்.